தேன் திருடும் மண்டையோட்டுப் பூச்சி… தெரியுமா?

வாயால் கீச்சிடுகிற பூச்சி உண்டு, தெரியுமா? வெட்டுக்கிளி மாதிரி காலைச் சிறகில் உரசி அல்ல, நிஜமாகவே வாய் வழியாக! முதுகில் மண்டையோட்டுச் சின்னத்தோடு திரியும் ‘அக்கெரான்டியா ஸ்டிக்ஸ்’ என்ற அந்துப்பூச்சியைச் சீண்டினால் போதும், கத்தும். தொண்டைக்குள் காற்றை இழுத்து இழுத்து வெளியே தள்ளும். ஆர்மோனியத் துருத்தியின் அதே கணக்கு!

இந்தச் சத்தக்காரர் பலே திருடரும்கூட. ராத்திரியில் தேன்கூட்டுக்குள் நேராகவே புகுந்துவிடுவார். இவருடைய உறவுக்காரப் பூச்சிகள் பலவற்றுக்குப் பூவின் அடிவரை எட்டும் நீளமான உறிஞ்சுகுழல். இவருக்கோ குட்டை, தடிமன், கூர். மெழுகு மூடிய தேனறையைக் குத்தி உறிஞ்சத் தோதான கருவி! அத்தனை தேனீக்களும் சும்மாவா விடும்? ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் வாழும் இதன் பங்காளி ‘அட்ரோபோஸ்’ இனத்தை ஆராய்ந்தவர்கள் 1991-இல் குட்டை உடைத்தார்கள். தேனீயின் உடல்மேல் இருக்கும் அதே 4 கொழுப்பு அமிலங்கள், அதே விகிதத்தில், இந்தப் பூச்சியின் மேலும்! இருட்டில் மோந்து பார்க்கிற தேனீ, ‘நம்ம ஆள்தான்’ என்று விட்டுவிடுமாம். மாறுவேடப் போட்டியில் முதல் பரிசே கொடுக்கலாம்.

இதன் புழுவை நம் எள்ளு விவசாயிகள் பார்த்திருப்பார்கள். விரலைவிடத் தடிமன், பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள், வால் நுனியில் சொரசொரவென்று வளைந்த கொம்பு. பார்த்தால் பயம் வரும். ஆனால் கொம்பு கொட்டாது! தொந்தரவு செய்தால் தாடையை ‘டக் டக்’ என்று தட்டி மிரட்டும், அவ்வளவுதான். இலையை மொட்டையடித்து வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். பட்டுக்கூடெல்லாம் கிடையாது, வெறும் மண் அறைதான்.

சரி, அண்ணன் தம்பிகளில் இவர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? முன்சிறகைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். குறுக்கே இரண்டு பட்டை இருந்தால் ஸ்டிக்ஸ், ஒன்றே ஒன்று என்றால் அட்ரோபோஸ். ஸ்டிக்ஸ் வாழும் ஆசியாவிலேயே இன்னொருவர் உண்டு, ‘லாக்கெசிஸ்’. ஆள் பெரிது, நிறமும் கறுப்பு. பின்சிறகு உடலோடு சேரும் இடத்தில் கருந்திட்டு இருக்கும்.

இந்த ஆள்மாறாட்டம் சினிமாவிலும் உண்டு. 1991-இல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில், பிணத்தின் தொண்டையில் கிடைக்கும் கூட்டுப்புழு ஸ்டிக்ஸ் என்று நிபுணர்கள் சொல்வார்கள். போஸ்டரில் நாயகியின் வாயை மூடியிருப்பதோ அட்ரோபோஸ்! அதன் முதுகில் தெரியும் மண்டையோடு எந்தப் பூச்சிக்கும் சொந்தமில்லை. உற்றுப் பாருங்கள், 7 பெண்களின் உடல்களை அடுக்கி ஓவியர் டாலி அமைத்த பழைய புகைப்படம் அது!