எழுதப்படாத மணி நேரம்

திருக்கோவிலூர் போன்ற ஊர்களில் துணிக்கடைக்கோ பாத்திரக்கடைக்கோ ஆள் சேர்க்கும்போது மாதச் சம்பளத்தைப் பேசுகிறார்கள். வேலை நேரத்தைப் பேசுவது அரிது. கடை திறக்கும்போது வந்து, ஷட்டர் இறங்கியபின் போக வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்துவிட்டது. கூடுதல் வேலையை (ஓ.டி.) சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. மாதச் சம்பளம் 12,480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளால் வகுத்தால் நாள் கூலி 480, மணிக்கு 60. வாரம் 6 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் மணிக்கு 120 வீதம் 720 ரூபாய். நான்கு வாரத்துக்கு 2,880. ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கக்கூடிய தொகை இது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. அதைத் தளர்த்த நடந்த முயற்சிகளும் தோற்றன. கொரோனா காலத்தில் குஜராத் அரசு ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு அனுமதி தந்து, இரட்டிப்புக் கூலியையும் நீக்கியது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். பெரிய ஆலையில் சங்கம் உண்டு, வருகைப் பதிவு உண்டு. நாலைந்து பேர் வேலை பார்க்கும் கடையில் இரண்டும் இல்லை. அங்கே ஓ.டி. மறுக்கப்படுவதற்கு முன்பே, அப்படியொரு நேரம் இருந்ததற்கான தடயமே இல்லாமல் போகிறது.

சிறு வியாபாரிக்கு இது கட்டுப்படியாகாது என்பார்கள். அவருடைய நெருக்கடி உண்மைதான். ஆனால் இரட்டிப்புக் கூலி இருப்பதே, இருக்கும் ஆளைப் பிழியாமல் இன்னோர் ஆளை வைக்கத் தூண்டத்தான். கூட்டம் மாலையில்தான் வரும் என்றால் ஒருவரை மதியத்துக்கு மேல் வரச் சொல்லலாம், சட்டம் தடுக்கவில்லை. தொழிலாளியே கூடுதல் நேரம் கேட்கிறாரே என்பது இன்னொரு வாதம். எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் ஓடாததால் கேட்கிறார். அப்படிக் கேட்பவருக்குச் சட்டக் கூலியைக் கொடுக்காமலிருக்க அது எப்படிக் காரணமாகும்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் மற்ற பகுதிகளில் குறைகள் இருக்கலாம். ஆனால் அது நிலுவைக் கூலியை மூன்று ஆண்டுகள் வரை கேட்கலாம் என்கிறது. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தந்தது ஆறு மாதம்தான். பணம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. என்றாலும் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்ற கேள்வி முதலில் எழும். ஆகவே திருக்கோவிலூரில் கடை கடையாக வேலை நேரப் பதிவேட்டைத் தொழிலாளர் துறை பார்க்கத் தொடங்க வேண்டும். அதுவரை, கடையில் நிற்கும் ஒவ்வொருவரும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.