பாசிமணி விக்கிறவங்களும் மனுசங்கதானே!

பஸ் ஸ்டாண்டிலும் திருவிழாவிலும் பாசிமணி, ஊசி, சீப்பு, பலூன் விற்கிறவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர்கள்தான் நரிக்குறவர்கள். குருவிக்காரர் என்றும் சொல்வார்கள். அவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

மொழி: அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ் இல்லை, வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தி மொழிகளுக்குச் சொந்தக்கார மொழி அது. அதற்குத் தனியாக எழுத்து கிடையாது. அதனால் அந்தப் பிள்ளைகள் ஒண்ணாம் வகுப்பில் சேரும்போது தமிழ் அவர்களுக்கு ரெண்டாவது மொழி. வாசிக்கத் திணறினால் ‘மக்கு’ என்று சொல்லலாமா? நாம் இங்கிலீஷ் பாடம் வாசிக்கும்போது திணறுகிறோமே, அது மாதிரிதான்.

தொழில்: முன்பு வேட்டைதான் அவர்கள் பிழைப்பு. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விலங்குகளைக் காப்பாற்றுவது நல்லதுதான். ஆனால் அவர்களுடைய பழைய தொழில் போய்விட்டது. இப்போது நிறையப் பேருக்குப் பாசிமணிதான் சோறு போடுகிறது. சபரிமலை சீசன், தேர்த் திருவிழா என்று ஊர் ஊராகப் போக வேண்டும். பிள்ளைகளும் கூடவே போவதால் படிப்பு பாதியில் நிற்கிறது.

பழி: ‘அவங்க திருடுவாங்க, பக்கத்துல போகாத’ என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இந்தச் சந்தேகம் பழையது. 1871-ல் வெள்ளைக்காரர்கள் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றும் பல சாதிகளைப் பிறப்பிலேயே திருடர்கள் என்று எழுதி வைத்தார்கள். 1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சந்தேகம் மட்டும் ஒழியவில்லை.

‘அழுக்கா இருக்காங்க’ என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்திரிப்பவர்களுக்குக் குளிக்கக் குழாய் எங்கே இருக்கிறது? வீடும் தண்ணீரும் இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருப்போம்.

2021-ல் மாமல்லபுரத்தில் ஒரு கோயில் அன்னதானப் பந்தியில் கைக்குழந்தையோடு வந்த அம்மாவை உட்கார விடவில்லை. அவர் அதைத் தைரியமாக வெளியே சொன்னார். பிறகு அமைச்சரே வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 2023-ல் சென்னையில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கையில் இருந்தும் ஒரு குடும்பத்தை உள்ளே விட முதலில் மறுத்தார்கள். சோறு போடுகிற இடம், படம் பார்க்கிற இடம். ரெண்டிலும் அவர்கள் கேட்டது எல்லோருக்கும் கிடைக்கிற ஒரு இடம்தான்.

பல வருடம் போராடிய பிறகு, அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இனி படிப்பிலும் வேலையிலும் பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் பெஞ்சில் பக்கத்து இடத்தைச் சட்டம் தராது. அதை நாம்தான் தர வேண்டும்.

தலை வாராமல் வந்தால் ‘குறத்தி மாதிரி இருக்கே’ என்று கிண்டல் பண்ணுவதை நம் பள்ளியிலும் கேட்கலாம். ஒரு இனத்தின் பெயரையே திட்டுகிற வார்த்தையாக ஆக்கிவிட்டோம். அதைக் கேட்கும் அந்த இனத்துப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் வருமா? யோசித்துப் பாருங்கள் தோழிகளே, தோழர்களே! அந்த வார்த்தையை இன்றோடு விட்டுவிடுவோம். புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால், ‘இங்க வந்து உட்காரு’ என்று முதலில் சொல்வது நாமாக இருப்போம்.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி