மினி டிராக்டரா, புல் வெட்டும் கருவியா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

‘‘வீட்டை ஒட்டி எங்களுக்கு 3 ஏக்கர் நிலம் உள்ளது. 2 ஏக்கரில் காய்க்கும் தென்னை, 1 ஏக்கரில் காய்கறி போடுகிறோம். இரண்டு மாடுகள் இருக்கின்றன. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. மழை பெய்துவிட்டால் தோப்பில் புல் இடுப்பளவு வளர்ந்துவிடுகிறது. நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மினி டிராக்டர் வாங்கலாம் என்கிறான் என் மகன். புல் வெட்டும் மெஷினே போதும் என்கிறார் என் வீட்டுக்காரர். எதை வாங்குவது?’’

இப்படி ஒரு கேள்வி, இன்று சிறு விவசாயிகளின் வீடுகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியில் வரும் வீடியோக்களில் சிறிய டிராக்டர் ஒன்று தோப்புக்குள் வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்த்தால், யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால், நகை அடகுக் கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி?

மினி டிராக்டர் என்பது உழவுக்கும், இழுவைக்குமான இயந்திரம். 15 முதல் 25 ஹெச்.பி வரை திறன் கொண்டவற்றைத்தான் நம் ஊரில் மினி டிராக்டர் என்கிறோம். மஹிந்திரா, ஸ்வராஜ், குபோட்டா, வி.எஸ்.டி என்று பல நிறுவனங்கள் விற்கின்றன. பெரும்பாலானவை மூன்று முதல் நான்கு அடி அகலம் இருக்கும். ரோட்டோவேட்டர், கொத்துக் கலப்பை, சிறிய டிரெய்லர் ஆகியவற்றை இழுக்கும்.

தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் ‘பிரஷ் கட்டர்’, வெட்டுவதற்கு மட்டுமான கருவி. மண்ணைத் தொடாது. இந்த இரண்டுக்கும் நடுவில், 5 முதல் 9 ஹெச்.பி வரையிலான ‘பவர் வீடர்’ இருக்கிறது. காய்கறி வரிசைகளுக்கு இடையில் மண்ணைக் கிளறிக் களையை அழிக்க, இது பொருத்தமான கருவி.

உட்கார்ந்து ஓட்டும் புல்வெளி இயந்திரங்களும் சந்தையில் இருக்கின்றன. அவை சமதளமான புல்தரைக்காக உருவாக்கப்பட்டவை. வரப்பு, வாய்க்கால், வட்டப்பாத்தி, தேங்காய் மட்டை, கல் எல்லாம் கிடக்கும் நம் தோப்புக்கு அவை ஒத்துவராது.

தென்னந்தோப்பில் டிராக்டரால் முடியாத இடம்!

25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டிருந்தால், ஏக்கருக்கு 70 தென்னை மரங்கள் இருக்கும். தென்னையின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி, மரத்தைச் சுற்றி ஆறு அடிக்குள்தான் இருக்கின்றன. அந்த வட்டத்துக்குள் ரோட்டோவேட்டரை விடக் கூடாது. ஒரு வரிசையில் இந்தப் பக்கம் ஆறு அடி, அடுத்த வரிசையில் அந்தப் பக்கம் ஆறு அடி விட்டால், நடுவில் உழுவதற்குக் கிடைப்பது 13 அடிதான்.

வட்டப்பாத்தி, வரப்பு, வாய்க்கால் ஓரம், வேலி ஓரம், சொட்டுநீர்க் குழாய் போகும் பாதை எல்லாம் மிச்சம். இந்த இடங்களில் டிராக்டர் வைத்திருப்பவரும் ஆள் விட்டோ, பிரஷ் கட்டரை வைத்தோதான் களை எடுக்க வேண்டும். அதனால், டிராக்டர் வாங்கினாலும் புல் வெட்டும் கருவியின் தேவை போகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. தோப்பில் கோரையும் அருகும் இருந்தால், அடிக்கடி ரோட்டோவேட்டர் ஓட்டுவது களையை நாமே நடவு செய்வது போலத்தான். கோரைக்கிழங்கும், அருகின் வேர்த்தண்டும் துண்டு துண்டாகி, தோப்பு முழுக்கப் பரவிவிடும். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால், அதற்குக் கீழே உள்ள மண் இறுகிப்போய், மழைநீர் இறங்குவது குறையும். புல்லை வெட்டி, வெட்டிய இடத்திலேயே மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும், மட்கி உரமாகும். தென்னைக்கு இதுதான் நல்லது. வெட்டும் நேரம் மட்டும் முக்கியம். புல் விதை பிடிப்பதற்கு முன்பும், பார்த்தீனியம் பூப்பதற்கு முன்பும் வெட்டிவிட வேண்டும்.

மணிக்கணக்கைப் போடுங்கள்!

இயந்திரம் வாங்கும்போது ‘எனக்கு எத்தனை ஏக்கர்?’ என்று யோசிப்பதைவிட, ‘வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?’ என்று யோசிப்பதுதான் சரி. கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையையும் வாடகையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மினி டிராக்டர், ரோட்டோவேட்டர், கலப்பை எல்லாம் சேர்த்து 4,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுகள் கழித்து 1,50,000 ரூபாய்க்கு விற்றால், தேய்மானம் ஆண்டுக்கு 30,000 ரூபாய். முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு, சராசரியாக 3,00,000 ரூபாய்க்கு 10 சதவிகித வட்டி என்றால் இன்னொரு 30,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி, கத்தி தேய்மானத்துக்கு 15,000 ரூபாய். ஆக, கொட்டகையைவிட்டு வண்டி வெளியே வராவிட்டாலும், ஆண்டுக்கு 75,000 ரூபாய் செலவு.

ஓடும்போது மணிக்கு 2 லிட்டர் டீசல் என்று, 200 ரூபாய் வைத்துக்கொள்ளலாம். வெளியில் வாடகைக்கு எடுத்தால் மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால், சொந்த வண்டியால் மிச்சமாவது மணிக்கு 800 ரூபாய். 75,000 ரூபாயை 800-ஆல் வகுத்தால், சுமார் 94 மணி நேரம். ஆண்டுக்கு 94 மணி நேரத்துக்கு மேல் வேலை இருந்தால்தான் சொந்த டிராக்டர் லாபம்.

இப்போது கேள்வி கேட்ட சகோதரியின் நிலத்துக்கு வருவோம். தென்னை 2 ஏக்கர், ஏக்கருக்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு மூன்று முறை உழவு என்றால் 12 மணி நேரம். காய்கறி 1 ஏக்கர், இரண்டு போகத்துக்கு நான்கு உழவு என்றால் 8 மணி நேரம். எரு, தேங்காய், தீவனம் இழுக்க 10 மணி நேரம். மொத்தம் 30 மணி நேரம். வாடகைக்கு எடுத்தால் 30,000 ரூபாயில் முடியும் வேலை இது. சொந்த டிராக்டர் என்றால் 75,000 ரூபாயுடன் டீசல் 6,000 ரூபாய் சேர்த்து 81,000 ரூபாய். ஆண்டுக்கு 51,000 ரூபாய் கையைவிட்டுப் போகும். தேங்காய் விலை இறங்கினாலும், தவணைத் தொகை இறங்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரஷ் கட்டர் கணக்கைப் பார்ப்போம். விலை 20,000 ரூபாய், ஐந்து ஆண்டு உழைக்கும் என்றால் தேய்மானம் 4,000 ரூபாய். வட்டி 1,000 ரூபாய். பிளேடு, நைலான் நரம்பு, பிளக், சர்வீஸுக்கு 3,000 ரூபாய். 2 ஏக்கர் தோப்பை ஆண்டுக்கு நான்கு முறை வெட்ட, முறைக்கு 2 நாள் வீதம் 8 நாள்கள். நாளுக்கு 6 மணி நேரம் ஓட்டினால், பெட்ரோல் சுமார் 4,000 ரூபாய். மொத்தம் 12,000 ரூபாய். ஆள் வைத்து வெட்டி, நாளுக்கு 800 ரூபாய் கூலி கொடுத்தாலும் 18,400 ரூபாய்தான்.

அதனால், இந்த நிலத்துக்கு நம் பதில்: பிரஷ் கட்டரைச் சொந்தமாக வாங்குங்கள். டிராக்டரை வாடகைக்கு எடுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு!

வாடகை டிராக்டரில் பெரிய சிக்கல், தேவைப்படும் நேரத்தில் கிடைக்காதது. ஒரு மழை பெய்ததும் ஊரே உழவுக்கு நிற்கும். சிறிய நிலத்துக்குக் கடைசியாகத்தான் வண்டி வரும். அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டால், விதைப்பே தள்ளிப்போகும். இந்த நஷ்டம் மேலே போட்ட கணக்கில் வரவில்லை.

அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் இயந்திரங்களுக்கு ‘உழவன்’ செயலி வழியாக முன்கூட்டியே பதிவு செய்வது. இரண்டு, அருகில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ வாடகை மையம் இருக்கிறதா என்று விசாரிப்பது. மூன்று, பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று, நான்கு பேர் கூட்டாக வாங்குவது. 30 மணி நேர வேலை உள்ள நான்கு பேர் சேர்ந்தால் 120 மணி நேரம் ஆகிவிடும். அப்போது சொந்த டிராக்டர் கணக்குக்குள் வந்துவிடும். யார் முதலில் ஓட்டுவது, பழுதுக்கு யார் பணம் கொடுப்பது, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

8, 10 ஏக்கர் வைத்து ஆண்டு முழுவதும் காய்கறி, வாழை, பூ என்று மாற்றி மாற்றிப் பயிர் செய்பவர்களுக்கும், தினமும் பாரம் இழுக்கும் வேலை உள்ளவர்களுக்கும் மினி டிராக்டர் நல்ல துணை. அவர்கள் தயங்கத் தேவையில்லை.

மானியம் கிடைத்தால் கணக்கு மாறுமா?

வேளாண்மை இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவிகிதமும், மற்றவர்களுக்கு 40 சதவிகிதமும் மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு இருப்பதால், விலையில் பாதி அப்படியே குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1,00,000 ரூபாய் மானியம் கிடைப்பதாக வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி போட்டால், 94 மணி நேரம் என்பது 75 மணி நேரமாகக் குறையும். 30 மணி நேர வேலைக்கு அப்போதும் கட்டுப்படியாகாது.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர்களுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. விலைப்பட்டியல் வாங்கும்போது புதிய வரிதான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மானியத்துக்கு விண்ணப்பிப்பவர்கள், அனுமதி கிடைப்பதற்கு முன்பு கடையில் பணம் கட்டிவிடக் கூடாது. உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

கையும் காலும் முக்கியம்!

பிரஷ் கட்டர் சிறிய கல்லையும் தோட்டா போல எறியும். வெட்டும் இடத்தில் இருந்து 15 மீட்டருக்குள் பிள்ளைகள், ஆடு, மாடு யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ், முழுக்கால் சட்டை அவசியம். புல்லுக்குள் பாம்பு இருக்கலாம் என்பதாலும் பூட்ஸ் வேண்டும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு முறை இறக்கி வைத்துவிட்டு ஓய்வு எடுங்கள். தொடர்ந்து பிடித்தால் அதிர்வில் விரல்கள் மரத்துப்போகும்.

டிராக்டரில் ரோட்டோவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். அதாவது நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ, துண்டோ, முந்தானையோ மாட்டினால் கையை எடுக்க நேரம் இருக்காது. தண்டுக்கு மேல் மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. வரப்பு ஏறும்போதும், சரிவில் திரும்பும்போதும் குறுகலான டிராக்டர் எளிதில் கவிழும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வாசகர்களின் சில சந்தேகங்கள்

பிரஷ் கட்டரில் 2 ஸ்ட்ரோக் வாங்குவதா, 4 ஸ்ட்ரோக் வாங்குவதா?

2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலுடன் ஆயில் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. ஆயில் இல்லாமல் ஒரு முறை ஓட்டினாலும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். 4 ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக ஊற்ற வேண்டும். புகையும் பெட்ரோல் செலவும் குறைவு, விலை கொஞ்சம் அதிகம். பல பேர் கை மாறி ஓட்டும் வீட்டுக்கு, கலவைத் தொல்லை இல்லாத 4 ஸ்ட்ரோக் நல்லது. இரண்டிலுமே, ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடலாமா?

போடலாம். ஆனால், தீவனத்துக்கு வெட்டும்போது இரும்பு பிளேடு போட்டுத்தான் வெட்ட வேண்டும். நைலான் நரம்பு அறுந்து அறுந்து புல்லோடு கலக்கும். அது மாட்டின் வயிற்றுக்குள் போகக் கூடாது. மருந்து அடித்த இடத்துப் புல்லையும், பார்த்தீனியம் கலந்த புல்லையும் தவிர்த்துவிடுங்கள்.

இளம் தென்னங்கன்று பக்கத்தில் வெட்டலாமா?

கன்றைச் சுற்றி இரண்டு, மூன்று அடிக்குக் கையால்தான் களை எடுக்க வேண்டும். மா, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளுக்கும் இதே முறைதான். நைலான் நரம்பு பட்டைச் சுற்றிலும் சீவிவிட்டால், கன்று சில வாரங்களில் காய்ந்துவிடும்.

பழைய மினி டிராக்டர் வாங்கலாமா?

வாங்கலாம். ஆர்.சி புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால், அது ரத்தான பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். உங்கள் நிலத்துக்கே கொண்டுவரச் சொல்லி, ரோட்டோவேட்டரை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஊரில் இருந்து எத்தனை கிலோமீட்டரில் அந்த வண்டிக்கு மெக்கானிக்கும் உதிரிபாகமும் கிடைக்கும் என்று கேளுங்கள். அரை நாளில் போய் வர முடியாத தூரம் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.