கொம்பைப் பிடித்தவர்

அமெரிக்காவின் வலிமைக்கு அடையாளமாகச் சினிமா நமக்குக் காட்டிய கவ்பாய் பெரும்பாலும் வெள்ளைக்காரர். ஆனால் மேற்குப் புல்வெளிகளில் மாடு மேய்த்தவர்களில் மெக்சிகோக்காரர்கள் ஏராளம். நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

அந்தக் கறுப்பினக் கவ்பாய்களில் ஒருவர் பில் பிக்கெட். டெக்சாஸில் 1870-ல் பிறந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோரின் பிள்ளை. ஓடும் குதிரையிலிருந்து பாய்வார். காளையின் கொம்புகளைப் பற்றித் தலையைத் திருப்புவார். அதன் உதட்டைப் பல்லால் கவ்விக் கீழே சாய்ப்பார்! நாய்கள் மாட்டை அடக்குவதைப் பார்த்துக் கற்ற வித்தை அது. இன்றைய ரோடியோ எனும் கவ்பாய் போட்டிகளில் காளையைச் சாய்க்கும் ஆட்டம் அதிலிருந்து வளர்ந்ததுதான். கடிப்பது மட்டும் இப்போது இல்லை.

கறுப்பர் என்பதால் பல போட்டிகளில் அவரைச் சேர்க்கவே மறுத்தார்கள். நாட்டின் வீரத்தைக் கொண்டாடும் களத்திலேயே இப்படியொரு அநீதி! 1932-ல் குதிரை உதைத்துப் பலத்த காயமடைந்து இறந்தார். 1990-களில் அவரைக் கௌரவிக்க அஞ்சல்தலை அச்சிட்டார்கள். அதில் இருந்ததோ அவருடைய சகோதரரின் படம். பிறகு சரியான படத்தோடு புதிய அஞ்சல்தலை வெளியானது.