பதிவேட்டில் பெயர் உண்டா? மேலாண்மை பீன்களைச் சோதிக்கும் முறை

ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் எழுத்தர், தம் கடமைகளை எத்துணைச் செவ்வனே ஆற்றினும், வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லையெனில் மேலதிகாரிக்கு அவர் இல்லாதவரே ஆவார். கணிப்பொறி நிரல்களுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. ஜாவா மொழியில் எழுதப்பெற்ற நிரலின் உறுப்புகள் தம் நிலையைப் புறத்தே அறிவிக்கப் பயன்படுத்தும் சிறு பொருள்களுக்கு மேலாண்மை பீன்கள் என்று பெயர். அவற்றின் பதிவேடு எம்பீன் சர்வர் எனப்படும். 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 5 முதல் இவ்வேற்பாடு ஜாவாவின் அங்கமாகவே அமைந்துள்ளது.

வெவ்வேறு அமைப்புகளுக்கிடையே செய்திகளைக் கொண்டு செல்லும் அப்பாச்சி கேமல் என்னும் இணைப்புச் சாதனத்தை எடுத்துக்கொள்வோம். இதில் ஒவ்வொரு செய்தி வழியும் தொடங்கும்போது தனக்குரிய பீன் ஒன்றைப் பதிவு செய்கிறது. இரவுப் பணியாளர் அதனைக் கொண்டே வழியின் நிலையை அறிகிறார். வேண்டுமாயின் வழியை நிறுத்தி மீண்டும் தொடக்குகிறார். பதிவு நிகழாவிடினும் செய்திகள் சென்றுகொண்டேயிருக்கும். வழி நின்றுபோகும் நாளன்றோ இடர் வெளிப்படும்! செய்தி சேர்ந்ததா என்று மட்டும் வினவும் சோதனை இக்குறையை ஒருபோதும் காட்டாது.

ஆதலின் பதிவையே சோதித்தல் வேண்டும். கேமலின் சோதனைக் கருவி, விரைவு கருதி, மேலாண்மைப் பகுதியை இயல்பாகவே அணைத்து வைத்துள்ளது; அதனை இயக்குமாறு வெளிப்படையாகக் கட்டளையிட்ட பின்னரே பீன்கள் தோன்றும். 2019-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் இப்பகுதி தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்டுள்ளமையால், அத்தொகுதி சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

அடுத்தது பெயர். பீனின் முழுப்பெயரில் சூழல், வகை, வழியின் பெயர் ஆகிய கூறுகள் அடங்கும். இவற்றின் வரிசை மாறினும் தீங்கில்லை. ஆனால் வழியின் பெயர் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் பதிவாகிறது; அக்குறிகளும் பெயரின் பகுதியே. அவற்றை விட்டு வினவினால், ‘பதிவு இல்லை’ என்றே விடை வரும். அற்பமான இப்பிழை ஒரு பகற்பொழுதையே விழுங்கிவிடக்கூடும்.

பெயர் இருப்பது மட்டும் போதாது. ஒரு செய்தியை அனுப்பிய பின், கடந்த செய்திகளின் எண்ணிக்கை 1 எனப் பீன் காட்டுகிறதா என்று பார்த்தல் நலம். நிறுத்தப்பட்ட வழியின் பீன் பதிவேட்டினின்று நீங்குவதில்லை. அதன் நிலை மட்டுமே மாறும். சூழல் முழுவதும் நிறுத்தப்படும்போது பெயர்கள் அழிக்கப்படுகின்றன.

முந்தைய சோதனை தன் சூழலை நிறுத்தாது விட்டுச் சென்றால், அதே பெயருடன் வரும் புதிய சூழலுக்குக் கேமல் எண்ணொன்றைச் சேர்த்து வேறு பெயர் சூட்டிவிடும். அப்போது சோதனை கண்டறிவது பழைய சூழலின் பீனையே. விடையோ ‘பதிவு உண்டு’ என்பதாகும்.