'கர்த்தருடைய வேளை' வரும்வரை என்ன செய்வது? பைபிள் காட்டும் மூன்று காத்திருப்புகள்

நேர்காணல் முடிந்து மாதங்கள் ஆகியும் வேலை உத்தரவு வரவில்லை. வரன் பார்க்கத் தொடங்கி வருடங்கள் ஓடிவிட்டன. கல்யாணமாகி இன்னும் குழந்தை இல்லை. இப்படித் தவிப்பவர்களிடம் கிறிஸ்தவக் குடும்பங்களில் தவறாமல் சொல்லப்படும் ஆறுதல், ''கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்க!'' சொல்வது சுலபம். அதுவரை என்ன செய்வது என்பதுதான் கேட்பவரின் கவலை.

சிறையில் யோசேப்பு

அண்ணன்களால் விற்கப்பட்டபோது யோசேப்புக்கு 17 வயது. எகிப்தில் பார்வோன் முன் நின்றபோது 30. இடையில் அடிமை வாழ்க்கை, வீண்பழி, சிறை. உடனிருந்த பானபாத்திரக்காரரின் கனவுக்கு அர்த்தம் சொன்னவர், விடுதலையானதும் தன்னைப் பற்றிப் பார்வோனிடம் பேசும்படி கேட்டுக்கொண்டார். அவரோ மறந்துபோனார். இரண்டு வருடங்கள் கழித்து, பார்வோன் கண்ட கனவுக்கு யாராலும் விளக்கம் சொல்ல முடியாதபோதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கனவுதான் யோசேப்பைப் பஞ்ச காலத்தில் நாட்டையே காக்கும் அதிகாரியாக்கியது.

ஆனால், சிறையில் இருந்தபோது இதெல்லாம் அவருக்குத் தெரியாது. அப்போதும் கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பை ஒழுங்காகச் செய்தார். வெளியே வரவும் முயற்சி எடுத்தார். அந்த முயற்சி அவநம்பிக்கை ஆகாது. குழந்தைக்காக ஜெபிப்பவர்கள் டாக்டரைப் பார்ப்பதும் அப்படித்தான்.

பாபிலோனுக்கு ஒரு கடிதம்

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள், எப்போது ஊர் திரும்புவோம் என்று ஏங்கினார்கள். இரண்டே வருடங்களில் எல்லாம் சரியாகும் என்றார் அனனியா. மக்களுக்கு அதுதான் இனித்தது. எரேமியாவோ 70 வருடங்கள் ஆகும் என்றார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கும் ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் எழுதினார்.

'இந்த மாதமே நடக்கும்' என்று தேதி குறித்துச் சொல்லும் வார்த்தைகளை நம்பி, கையில் இருக்கும் வேலையையும் படிப்பையும் விடுபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

மார்த்தாளின் ஆதங்கம்

லாசரு நோயுற்ற செய்தி கிடைத்த பிறகும் இயேசு இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டார். பெத்தானியாவுக்கு அவர் வந்தபோது, லாசருவை அடக்கம் செய்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. நீங்கள் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று மார்த்தாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிறகு, கல்லறைக்குப் போகும் வழியில் அவரே கண்ணீர் விட்டார்.

லாசரு உயிரோடு எழுந்தார். எல்லா வீடுகளிலும் முடிவு அப்படி அமைவதில்லை. ஆனால், 'ஏன் தாமதம்?' என்று கடவுளிடமே அழுது கேட்கலாம். அப்படிக் கேட்பவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டதாக யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

உங்கள் சபையில் யாராவது இப்படிக் காத்திருந்தால், ''எப்போ நல்ல செய்தி?'' என்று ஞாயிறுதோறும் விசாரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசும்போது காதுகொடுத்துக் கேளுங்கள்.