டிஸ்க்கை விழுங்கும் ஒற்றை வரி

கணினியில் புதிதாக எதையும் ஏற்றவில்லை. படமோ பாட்டோ இறக்கவில்லை. ஆனாலும் காலையில் இருந்த காலியிடம் இரவுக்குள் காணாமல் போகிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் கணினி என்றால் அடுத்த கட்டம் இன்னும் மோசம். கடவுச்சொல்லைச் சரியாக அடித்தாலும் உள்ளே விடாமல் அதே திரை திரும்பத் திரும்ப வந்து நிற்கும். வைரஸ் புகுந்துவிட்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. பல நேரம் அது தேவையே இல்லாத வேலை. ஒரே செய்தி லட்சக்கணக்கான முறை எழுதப்பட்டு டிஸ்க் நிரம்பியிருக்கும், அவ்வளவுதான்.

கணினி தனக்குள் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் கோப்புகளைத்தான் லாக் என்கிறோம். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதிய சிஸ்லாக் முறையே இன்றைய லினக்ஸ் லாக்குகளுக்கு அடிப்படை. அதில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை உண்டு. 0 என்றால் கணினியே பயன்படாத நிலை. 7 என்றால் மென்பொருள் எழுதுவோருக்கு மட்டும் பயன்படும் விவரம். நலமாக ஓடும் கணினியிலும் பிழைச் செய்திகள் சில இருக்கத்தான் செய்யும். கவலைப்பட வேண்டியது, ஒரே வரி நிற்காமல் கொட்டும்போது.

அதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் ஒன்று. இன்டெலின் ஆறாம் தலைமுறைச் சிப்புகள் பொருத்திய மடிக்கணினிகளில் உபுண்டு 16.04 நிறுவிய பலர் இதைச் சந்தித்தார்கள். 'பிசிஐஇ பஸ் எரர், சிவியரிட்டி கரெக்டட்' என்ற வரி லாக்கில் ஓயாமல் விழுந்தது. வைஃபை அட்டை, எஸ்எஸ்டி போன்றவை தாய்ப்பலகையோடு பேசும் பாதைதான் பிசிஐஇ. மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்தப் பாதை வேலையில்லாத நேரத்தில் உறங்கி, வேலை வந்ததும் விழிக்கும். விழிக்கும்போது சில சாதனங்கள் தடுமாறி, தரவு பழுதோடு வந்து சேரும். வன்பொருள் அதை உடனே தானே சரிசெய்துகொண்டு, சரிசெய்துவிட்டேன் என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குத் தகவல் சொல்லும். தரவுக்கு இழப்பில்லை, ஆனால் ஒவ்வொரு தகவலும் லாக்கில் ஏறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வரி 150 பைட் என்றும், நொடிக்கு 500 வரி என்றும் வைத்தால் மணிக்கு 270 எம்பி, நாளைக்கு ஏறத்தாழ 6.5 ஜிபி. உபுண்டுவில் கர்னலின் செய்திகள் சிஸ்லாக் கோப்பு, கர்ன்லாக் கோப்பு இரண்டிலும் பதிவாவதால் அது 13 ஜிபி ஆகிவிடும். பழைய லாக்குகளைச் சுருட்டி ஒதுக்கும் லாக்ரொட்டேட் என்ற ஏற்பாடு இருக்கிறதே என்று கேட்கலாம். அது வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். அதற்குள் சிறிய டிஸ்க் நிரம்பிவிடும். கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தனியாக வைத்திருக்கும் ஜர்னல் என்ற லாக் மட்டும் டிஸ்க்கின் 10 சதவீதம் அல்லது 4 ஜிபி, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வளராமல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

உள்ளே நுழைய முடியாத கணினியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள திரை வரும். அங்கே பெரும்பாலும் நுழைய முடியும். 'வார்' அடைவுக்குள் இருக்கும் 'லாக்' அடைவில் எந்தக் கோப்பு பெருத்திருக்கிறது என்று பாருங்கள். 30 ஜிபி கோப்பை எடிட்டரில் திறக்க முயன்றால் கணினி திணறிப்போகும். 'டெயில்' கட்டளையால் கடைசிச் சில வரிகளை மட்டும் படித்தால் போதும். குற்றவாளி எது என்று அந்த வரிகளே சொல்லிவிடும். ஆகவே இடத்தைக் காலிசெய்யும் முன் அவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை அழிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. லாக் எழுதும் நிரல் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். கோப்பை நீக்கினால் பெயர்தான் மறையும்; அந்த நிரலை நிறுத்தித் தொடங்கும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. அழித்தேன், ஆனாலும் டிஸ்க் நிறைந்தே இருக்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். 'ட்ரன்கேட்' கட்டளையால் கோப்பின் அளவைப் பூஜ்யமாக்குவதே சரியான வழி.

அடுத்து மூல காரணம். செய்தியில் உள்ள சாதன எண்ணை 'எல்எஸ்பிசிஐ' கட்டளை தரும் பட்டியலோடு ஒப்பிட்டால் எந்தச் சாதனம் என்று தெரியும். முதலில் பயாஸையும் கர்னலையும் புதுப்பித்துப் பாருங்கள். மேசைக் கணினி என்றால் அட்டையைக் கழற்றித் திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். அப்படியும் தீராவிட்டால் அந்தப் பாதையின் உறக்கத்தை, அதாவது ஏஎஸ்பிஎம் வசதியை, நிறுத்தலாம். மடிக்கணினியில் பேட்டரி சற்று சீக்கிரம் இறங்கும். நிரந்தரமாக மாற்றும் முன், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி ஒரே ஒரு முறைக்கு மட்டும் சோதித்துப் பார்க்கலாம்.

கர்னலைத் தொடங்கும் வரியில் 'நோஏஇஆர்' என்று எழுதி அந்தப் பிழைப் புகாரையே அடக்கிவிடுங்கள் என்பதுதான் எளிதில் கிடைக்கும் அறிவுரை. அதை முதல் மருந்தாகக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. சரியாகிவிட்ட பிழைகளோடு, நாளை வரக்கூடிய சரிசெய்ய முடியாத பிழைகளின் அறிக்கையும் சேர்ந்து அடங்கிவிடும். மற்ற வழிகள் எல்லாம் தோற்ற பிறகு மட்டுமே அதைத் தொட வேண்டும்.

விண்டோஸில் கதை வேறு. ஈவன்ட் வியூவரின் முக்கிய லாக்குகள் வழக்கமாக 20 எம்பிக்கு மேல் வளராது. பழையது அழிந்து புதியது ஏறும். டிஸ்க் நிரம்பாது என்றாலும், வெற்றுச் செய்திகளின் வெள்ளத்தில் உருப்படியான செய்தி அடித்துச் செல்லப்படும். அடிக்கடி கண்ணில் படும் 10016 என்ற டிகாம் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. இந்தச் சிவப்புக் குறிகளைக் காட்டித்தான், கணினி நிறுவனத்திலிருந்து பேசுகிறோம் என்று போன் செய்யும் மோசடிக்காரர்கள் பணம் பறிக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி நடவடிக்கை எடுத்த மோசடிகளிலும் இதுவே தந்திரம். ஈவன்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி யாராவது அழைத்தால், பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிடுங்கள்.

ஆனால் ஒரு வகைச் செய்தியை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. விண்டோஸில் டிஸ்க் என்ற பெயரில் வரும் 7ஆம் எண் நிகழ்வு, டிஸ்க்கில் பழுதான பகுதி இருப்பதைச் சொல்கிறது. லினக்ஸில் டிஸ்க்கின் பெயரோடு 'ஐஓ எரர்' என்று வரும். இவை திரும்பத் திரும்ப வந்தால் முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பிறகு மேசைக் கணினியில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் அதே வரி வந்தால், டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.